களித்துடுப்பும் கடல்துடுப்பும்

எங்கள் வீட்டில் துடுப்பு என்றால் அது அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து நிற்கும். ஊர் பென்னாகரம் பக்கம். மூன்று வேளையில் ஒரு வேளையாவது ராகிக் களி தின்ற குடும்பம். பாட்டி களிச்சட்டியை அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைப்பார். சட்டி நகராமல் கவைக்கோலால் அழுத்திக்கொள்வார். அப்புறம் துடுப்பை உள்ளே விட்டு ஒரு சுற்று, எதிர்ப்பக்கம் ஒரு சுற்று, அடியிலிருந்து ஒரு புரட்டு. கட்டி விழக்கூடாது. மாவு எந்தப் பக்கம் இறுகுகிறதோ அந்தப் பக்கம் துடுப்பு போகும். அவர் பார்வை சட்டியில் இருக்காது, வாசலில் யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். கைக்குத் தெரியும்.

நாலாம் வகுப்பில் வாத்தியார் ‘படகோட்டி துடுப்புப் போட்டான்’ என்று வாசித்தபோது எனக்குத் தோன்றிய காட்சி, ஒரு ஆள் ஆற்றில் உட்கார்ந்து களி கிண்டுகிறான் என்பதுதான். சிரித்துவிட்டேன். அந்தப் பாடம் முடியும்வரை வெளியே நின்றேன்.

பல வருடம் கழித்து அகராதியைப் புரட்டியபோது தெரிந்தது, நான் சிரித்ததில் தப்பே இல்லை. களி கிண்டுவதும் துடுப்பு, படகு தள்ளுவதும் துடுப்பு. இரண்டுக்கும் ஒரே சொல். மலையாளத்தில் படகுத் துடுப்புக்குத் ‘துழ’ என்று பெயர். நாம் குழம்பைத் துழாவுகிறோம், அவர்கள் காயலைத் துழாவுகிறார்கள். அந்த வாத்தியாரிடம் போய்ச் சொல்லலாம் என்றுகூட நினைத்தேன். அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

நான் முதலில் பிடித்த நீர்த்துடுப்பு ஒகேனக்கல்லில். எங்களுக்கு அது பக்கத்து ஊர். ஆடிப்பெருக்கென்றால் பெரியப்பா குடும்பத்தோடு வேனில் ஏறிப் போவோம். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், மீன் வறுவல், அருவிச் சத்தம், அப்புறம் பரிசல். விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி தண்ணீர் வருகிறது, பரிசல் இயக்கத் தடை என்று பேப்பரில் செய்தி வந்தால் அன்றைக்கு வீட்டில் எல்லார் முகமும் தொங்கும்.

பரிசலைப் பார்த்திருப்பீர்கள். மூங்கில் பின்னிய பெரிய கூடை. அந்தக் காலத்தில் மேலே தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். அதற்கு முன்பக்கம் கிடையாது, பின்பக்கம் கிடையாது. ஒரே ஒரு துடுப்பு. ஓட்டுகிறவர் விளிம்போரம் குத்தவைத்துக்கொண்டு போவார். கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் கூட்டம் குறைவாக இருந்தது. பரிசல்காரர் என்னிடம் துடுப்பைக் கொடுத்தார். பக்கவாட்டில் நாலு போடு போட்டேன். பரிசல் நின்ற இடத்திலேயே ராட்டினம் மாதிரி சுற்றியது. எதிர்ப்பக்கம் போட்டேன், எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“தம்பி, தண்ணிய அடிக்காத. முன்னாடி எட்டிப் போட்டு உன் பக்கம் இழு. எந்தப் பக்கம் இழுக்குறியோ அந்தப் பக்கம்தான் மூக்கு.”

இவ்வளவுதான் சூட்சுமம். படகுக்கு மூக்கு இல்லை. துடுப்பு எங்கே இருக்கிறதோ அங்கே மூக்கு முளைக்கிறது. தள்ளுவதும் திருப்புவதும் வேறு வேறு வேலை இல்லை, ஒரே இழுப்பில் இரண்டும் முடிகிறது. துடுப்பைத் தூக்கிவிட்டால் போச்சு, ஆறு இழுத்த பக்கம்.

என் தடுமாற்றத்துக்கு நல்ல துணை உண்டு. 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துக்கீசியர் தொமிங்கோ பாயஸ், ஆற்றைக் கடக்கக் கூடை போன்ற வட்டப் படகுகள் இருப்பதை எழுதியிருக்கிறார். உள்ளே பிரம்பு, வெளியே தோல், பதினைந்து இருபது பேர் ஏறலாம், தேவைப்பட்டால் குதிரை, மாடுகூட ஏறும் என்கிறார். இந்தப் படகுகள் நேராகப் போக முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் என்றும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். துங்கபத்திரைப் பரிசல்காரர்கள் அவரையும் வேண்டுமென்றே சுற்றிவிட்டிருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். இன்றைக்கும் சுற்றுலாக்காரர்களிடம் அதைத்தானே செய்கிறார்கள்.

அதற்கும் முன்னால், கிமு 5-ஆம் நூற்றாண்டில், பாபிலோனுக்கு வரும் வட்டத் தோல் படகுகளைப் பற்றிக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்கிறார். ஒவ்வொரு படகிலும் சரக்கோடு ஒரு கழுதையும் வருமாம். ஆற்றோட்டத்தில் பாபிலோன்வரை இறங்கி வருவார்கள், சரக்கை விற்பார்கள், படகின் சட்டத்தையும் விற்பார்கள், தோலை மட்டும் சுருட்டிக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு நடந்தே ஊர் திரும்புவார்கள். ஏனென்றால் அந்த ஓட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போட்டு ஏற முடியாது. நம் ஊரிலும் ஆளே பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையோரமாக நடந்து போவதைப் பார்க்கலாம். ஆமை எழுந்து நடப்பது மாதிரி இருக்கும். கழுதைச் செலவு மிச்சம்.

சரி, மூக்குள்ள படகுக்கு வருவோம்.

படகு நீளமானதும் ஒரு சிக்கல் வருகிறது. பலர் சேர்ந்து தள்ள வேண்டும். கையில் பிடித்துத் தள்ளுகிற துடுப்பு என்றால் எல்லாரும் முன்னே பார்த்து உட்காரலாம், கேரளத்துச் சுண்டன் வள்ளத்தில் உட்காருகிறார்களே அப்படி. ஆனால் துடுப்பை நீளமாக்கி, படகின் விளிம்பில் ஒரு முளையிலோ கயிற்று வளையத்திலோ மாட்டி நெம்புகோலாக்கினால் பலம் பல மடங்கு கூடும். இதைத்தான் பழைய தமிழில் தண்டு வலித்தல் என்றார்கள். வலிப்பது என்றால் இழுப்பது. இழுக்க வேண்டுமானால் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். ஆக, அத்தனை பேர் மூச்சு முட்ட இழுக்கிறார்கள், எங்கே போகிறோம் என்பது ஒருவருக்கும் தெரியாது. முன்னே பார்க்கிறவர் ஒரே ஒருவர், பின்னால் நிற்கும் ஆள். வேர்க்கிறவன் ஒருத்தன், வழி சொல்கிறவன் ஒருத்தன் என்ற பிரிவினை படகில் இப்படித்தான் வந்தது.

அந்தப் பின்னால் நிற்கும் ஆளுக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயர் குபெர்னேட்டிஸ். அதை லத்தீன் எடுத்து குபெர்னாத்தோர் ஆக்கியது, ஆங்கிலம் எடுத்து கவர்னர் ஆக்கியது. நம் ஊர் கவர்னர் மாளிகையில் இருப்பவர் சொல்வழியில் ஒரு சுக்கான்காரர், அதாவது கப்பலைத் திருப்பும் பலகையைப் பிடிப்பவர். நான் பிழைப்புக்காக கணினியில் குபெர்னெட்டீஸ் என்ற மென்பொருளோடு தினமும் மல்லுக்கட்டுகிறேன். அதன் சின்னமே கப்பல் சுக்கானைத் திருப்பும் சக்கரம்தான். எங்கள் குழுவில் பாதிப் பேர் அதைக் கார் ஸ்டீயரிங் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மதியச் சாப்பாட்டில் நான் இந்தக் கதையெல்லாம் எடுத்துவிட, அன்றிலிருந்து எனக்கு ‘மாலுமி’ என்று பெயர். மாலுமியும் அரபு வழியாக வந்த சொல்தான், முஅல்லிம், அதாவது சொல்லிக்கொடுப்பவர். அதனால் கோபப்படவில்லை.

எகிப்தில் கூஃபு மன்னனின் பிரமிடுக்குப் பக்கத்தில் 1954-ல் ஒரு குழியைத் திறந்தார்கள். உள்ளே ஒரு முழுப் படகு, ஆனால் பிரித்து அடுக்கியபடி. 1,224 துண்டுகள். லெபனான் தேவதாரு. 4,500 ஆண்டுப் பழசு. அஹமது யூசுஃப் முஸ்தஃபா என்பவர் வருடக்கணக்காக உட்கார்ந்து, எந்தத் துண்டு எதோடு சேரும் என்று கோத்து நிமிர்த்தினார். 43 மீட்டருக்கு மேல் நீளம். 2021-ல் அதை கெய்ரோவை ஒட்டிய கிசாவின் புது அருங்காட்சியகத்துக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள். படங்களில் நான் உற்றுப் பார்த்தது இரண்டு விஷயங்களை. ஒன்று, பலகைகளைக் கயிறு போட்டுத் தைத்திருக்கிறார்கள். இரண்டு, அதன் துடுப்புகள். மொத்தம் பன்னிரண்டு. முன்பக்கம் ஐந்து ஜோடி. பின்பக்கம் ஒரு ஜோடி மட்டும் தனியாக. அந்தப் பின்ஜோடியும் பார்க்கத் துடுப்புதான். வேலைதான் வேறு. அது தள்ளாது, திருப்பும்.

சுக்கான் பிறந்த இடம் இதுதான். யாரோ உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த பொருளில்லை அது. கடைசி வரிசைத் துடுப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகிற வேலையை விட்டுவிட்டது, அவ்வளவுதான். கிரேக்கரின் மூவரிசைப் போர்க்கப்பலில் 170 பேர் மூன்று தட்டில் உட்கார்ந்து தண்டு வலித்தார்கள். 1987-ல் கிரேக்கக் கடற்படை அப்படி ஒன்றைப் புதிதாகக் கட்டி ஓட்டியும் பார்த்தது. அதிலும் திருப்பியது பின்னால் இரு பக்கமும் தொங்கிய இரண்டு பெருந்துடுப்புகள். நம் பக்கம் சாதவாகனர் காசுகளில் இரட்டைப் பாய்மரக் கப்பல் இருக்கிறதே, அதிலும், அஜந்தா 2-ஆம் குகையில் சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் தீட்டிய மூன்று பாய்மரக் கப்பலிலும், ஜாவாவின் போரோபுதூர்ச் சிற்பத்திலும் இதே கதைதான். பின்பக்க விலாவில் துடுப்பு.

ஏன் இரண்டு பக்கம்? காற்று ஒரு பக்கமாக அடித்தால் பாய்க்கப்பல் மறுபக்கம் சாயும். காற்றுப் பக்கத்துத் துடுப்பு தண்ணீரை விட்டு மேலே எழுந்து வெறும் காற்றை அறுத்துக்கொண்டிருக்கும். மற்றது தண்ணீரில் இருக்கும். அதனால் ஒன்றுக்கு ஒன்று துணை.

வட ஐரோப்பாவின் பழைய கடலோடிகளான வைக்கிங்குகள் மட்டும் ஒன்றே போதும் என்று வலப்பக்கம் வைத்துக்கொண்டார்கள். திருப்பும் துடுப்பு உள்ள பக்கம் என்பதுதான் ஆங்கிலத்தில் ஸ்டார்போர்டு ஆனது. நட்சத்திரத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, நான் ரொம்ப நாள் இருக்கிறதென்று நம்பிக்கொண்டிருந்தேன். துடுப்பு இடிபடாமல் இருக்க இடப்பக்கத்தைத்தான் கரையில் சேர்ப்பார்கள். அந்தப் பக்கத்தை லார்போர்டு என்றார்கள். புயலில் ஸ்டார்போர்டு, லார்போர்டு என்று கத்தினால் எது என்று காதில் விழாமல் குழப்பம். 1844-ல்தான் பிரிட்டிஷ் கடற்படை லார்போர்டை விட்டுவிட்டு போர்ட் என்று சொல்லச் சொன்னது. எத்தனை நூற்றாண்டு கப்பல்கள் இந்தக் குழப்பத்தோடு ஓடினவோ!

இந்த வலப்பக்கத் துடுப்பைக் குறைவாக எடை போட்டவர்களுக்கு 1893-ல் பதில் கிடைத்தது. நார்வேயில் 1880-ல் தோண்டி எடுத்த கோக்ஸ்டாட் கப்பலைப் பார்த்து அதே மாதிரி ஒன்று கட்டி, மாக்னஸ் ஆண்டர்சன் என்ற கேப்டன் அட்லாண்டிக்கைத் தாண்டி சிகாகோ கண்காட்சிவரை ஓட்டிக்கொண்டு போனார். போன பிறகு அவர் அதிகம் புகழ்ந்தது அந்தப் பக்கத்துடுப்பைத்தான். கடல் எவ்வளவு கொந்தளித்தாலும் ஒரே ஆள் சிரமமில்லாமல் பிடித்துத் திருப்ப முடிந்ததாம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கரை ஏறும்போது அந்தத் துடுப்பை மேலே தூக்கிக்கொள்ளலாம். வைக்கிங் கப்பல் மணலில் நேராக ஏறி நிற்கும் கப்பல். இது முக்கியம், திரும்ப வருகிறேன்.

நாம் இன்றைக்குச் சுக்கான் என்று நினைக்கிற பொருள், அதாவது கப்பலின் பின்முதுகில் நடுவாகத் தொங்கும் பலகை, முதலில் தென்படுவது சீனத்தில். குவாங்சௌவில் ஹான் காலத்துக் கல்லறை ஒன்றில் கிடைத்த மண் பொம்மைக் கப்பலில் அது இருக்கிறது. கிபி முதல் நூற்றாண்டு. கல்லறைக்குள் வைத்த பொம்மையில்கூடச் சுக்கானை மறக்காமல் வைத்த அந்தக் குயவர் மேல் எனக்குத் தனி மரியாதை. சீனச் சுக்கான் கயிற்றில் தொங்கும். ஆழமான தண்ணீரில் இறக்குவார்கள், மேட்டில் ஏற்றிக்கொள்வார்கள். பிற்காலத்தில் அதில் ஓட்டை ஓட்டையாகப் போட்டார்கள். தண்ணீர் கொஞ்சம் ஓட்டை வழியே போய்விடுவதால் திருப்புகிற கைக்குப் பளு குறையும்.

பாக்தாதில் 1237-ல் யஹ்யா அல் வாஸிதி தீட்டிய ஒரு கப்பல் ஓவியத்திலும் பின்சுக்கான் தெளிவாகத் தெரிகிறது. ஐரோப்பாவில் 12-ஆம் நூற்றாண்டில், இங்கிலாந்தின் வின்செஸ்டர் தேவாலயத்து ஞானஸ்நானத் தொட்டியில் செதுக்கிய கப்பலில். அவர்களுடையது இரும்புக் கீல் போட்டுக் கதவு மாதிரி மாட்டியது. பக்கவாட்டுப் பலகை உயர உயர, ஒரு ஆள் கைக்கு எட்டும் துடுப்பு தண்ணீருக்கு எட்டாமல் போனதுதான் காரணம். கப்பல் வளர்ந்தது, கை வளரவில்லை.

நமக்குச் சுக்கான் என்ற சொல்லே அரபு வழியாக வந்தது. அரபில் சுக்கான். சுக்கான் பிடிப்பவர் சுக்கானி. வெள்ளைக்காரன் கப்பலில் வேலை பார்த்த நம் ஆட்களின் வாயிலிருந்து அது ஆங்கிலத்துக்கும் போய் ‘சீகன்னி’ ஆனது. கடலுக்கு ஒரு சீ, கெட்டிக்காரத்தனத்துக்கு ஒரு கன்னி என்று அவர்களாகவே ஒரு அர்த்தம் பண்ணிக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றுகிறது. துடுப்பு நம்முடையது, சுக்கான் வந்தது. நாவாய், கலம், வங்கம், அம்பி, திமில், தோணி, ஓடம், பஃறி, புணை என்று படகுக்கு இத்தனை சொல் வைத்திருந்தவர்கள், பின்னால் தொங்கும் இந்தப் பலகையை மட்டும் ஏன் அரபுப் பேரில் கூப்பிட்டார்கள்? பொருள் வந்தபோது பேரோடு வந்தது என்பது என் ஊகம். அதற்கு முன்னால் அதுவும் ஒரு துடுப்பு, அவ்வளவுதானே.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. அரபுக் கப்பல் வந்தது, சீனக் கப்பல் வந்தது, போர்த்துக்கீசியன் வந்தான், வெள்ளைக்காரன் வந்தான். அத்தனை பேர் சுக்கானையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த சோழமண்டலக் கரை மீனவர்கள் தங்கள் கட்டுமரத்துக்கு ஏன் அதை எடுத்துக்கொள்ளவில்லை? சில பழைய வெள்ளைக்காரக் குறிப்புகளில் இதற்கு ஒரு பதில் தொனிக்கும். பழங்கால மனிதர்கள், பழங்காலப் படகு. எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. சரியான பதில் சென்னையில் ஒரு குப்பத்தில், விடிகாலை நாலரை மணிக்குக் கிடைத்தது.

நண்பரின் நண்பர் மூலம் ஏற்பாடு. பெரியவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். கரையில் நிறையப் பேர் ஃபைபர் படகுக்கு மாறிவிட்ட பிறகும் அவர் மரத்தை விடவில்லை. கட்டுமரம் என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மரம். ‘மரத்துல போறது’, ‘மரம் கட்டுறது’. நாலு கட்டை. நடுக்கட்டைகள் கொஞ்சம் தாழ, ஓரக்கட்டைகள் கொஞ்சம் உயர. முன்னால் அணியம் மேல்நோக்கி வளைந்திருக்கிறது. கட்டைகளை அடுக்கி, முன்னும் பின்னும் குறுக்குக் கட்டை கொடுத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். ஆணி ஒன்றுகூட இல்லை. வேலை முடிந்து வந்ததும் அவிழ்த்துத் தனித்தனியாகக் காயப் போடுவார்கள். ஊறின கட்டை கனக்கும், சரியாக மிதக்காது. படகைத் தினமும் பிரித்து, தினமும் கட்டுகிறவர்கள் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

“நடுவுல குந்து தம்பி. ஆடாத. கயித்த புடிச்சிக்கோ.”

அவரும் அவர் மகனும் மரத்தைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டே சட்டென்று நின்றுவிட்டார்கள். முழங்கால் தண்ணீரில் நின்று அலையைப் பார்த்தார்கள். ஒன்று போகட்டும் என்றார். இன்னொன்றும் போகட்டும் என்றார். மூன்றாவது உடைந்து வெள்ளையாகப் பரவியதும் மகன் “ஏறு” என்றான். அதற்கப்புறம் ஒரு நிமிடத்துக்கு என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. முன்பக்கம் நேராக வானத்துக்குப் போனது. கட்டைகளுக்கு இடையே தண்ணீர் பீய்ச்சி முகத்தில் அடித்தது. அடுத்த விநாடி ஏறிய தண்ணீர் அதே இடுக்கு வழியாக வடிந்துவிட்டது. பெரிய படகென்றால் வாளி வைத்து இறைத்திருக்க வேண்டும். மரத்துக்கு மூழ்கத் தெரியாது, ஏனென்றால் அதற்கு உள்பக்கமே கிடையாது.

பின்னால் பெரியவர் முட்டி போட்டிருந்தார். கையில் ஆளுயரப் பலகை மாதிரி ஒரு துடுப்பு. மகன் தள்ளுகிறான். இவர் தள்ளவில்லை. துடுப்பைச் செங்குத்தாகத் தண்ணீரில் இறக்கி விலாவோடு ஒட்டிப் பிடித்திருந்தார். அலை மூக்கை ஒரு பக்கம் தள்ளும்போதெல்லாம் அவர் மணிக்கட்டு லேசாகத் திரும்பும், அவ்வளவுதான். பார்வை துடுப்பில் இல்லை, வருகிற அலையில். எனக்கு எங்கள் பாட்டி ஞாபகம் வந்தது.

அலை தாண்டி அமைதியானதும் கேட்டேன்: “இதுக்கு ஒரு சுக்கான் வெச்சா ஈசியா இருக்காதாண்ணே?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “திரும்பி வரும்போது பாரு.”

திரும்பி வரும்போது பார்த்தேன். போவதைவிட வருவதுதான் பயம். அலை பின்னாலிருந்து துரத்துகிறது. மரமும் தண்ணீரும் ஒரே வேகத்தில் கரையை நோக்கிப் பாய்கின்றன. சுக்கான் வேலை செய்ய வேண்டுமானால் தண்ணீர் அதைத் தாண்டி ஓட வேண்டும். நின்ற படகில் சுக்கானை எவ்வளவு திருப்பினாலும் ஒன்றும் நடக்காது. அலையோடு அலையாகப் போகும்போது பின்னால் இருக்கிற தண்ணீர் நம்மோடுதான் வருகிறது, பலகைக்குப் பிடிமானம் இல்லை. அந்த நேரத்தில் மூக்கு பக்கவாட்டில் திரும்பினால் அலை உருட்டிவிடும். துடுப்புக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அதைத் தூக்கி வேறு இடத்தில் போடலாம், நெம்பலாம், இழுக்கலாம். ஓட்டமே இல்லாத இடத்திலும் அது திருப்பும். இதெல்லாம் நடந்து முடிவதற்குள் அடியில் மணல் உரசியது, பெரியவர் துடுப்பை வெளியே எடுத்துவிட்டார். பின்னால் கீல் போட்ட பலகை தொங்கியிருந்தால் அந்த உரசலிலேயே பிய்ந்துகொண்டு போயிருக்கும்.

சுக்கான் துறைமுகம் உள்ள ஊருக்கான பொருள். தூத்துக்குடித் தோணிகளுக்குச் சுக்கான் உண்டு, அவை துறையில் கட்டி நிற்பவை, மணலில் ஏறாது. இந்தக் கரையோ கடலுக்கு நேர் எதிரே திறந்து கிடக்கும் மணல். வைக்கிங்கும் சீனனும் தூக்கக்கூடிய சுக்கான் வைத்துக்கொண்டார்கள் என்றால், இங்கே அதையும் ஒரு படி மேலே போய்க் கையிலேயே வைத்துக்கொண்டார்கள்.

சென்னைக்கே இது பொருந்தும். 1639-ல் கம்பெனிக்காரர்கள் இங்கே இடம் வாங்கியபோது துறைமுகம் என்று ஒன்று கிடையாது. அதற்கு அப்புறமும் இருநூறு வருடத்துக்கு மேல் கிடையாது. கட்டத் தொடங்கிய துறைமுகத்தையும் 1881 புயல் ஒரு உலுக்கு உலுக்கிவிட்டது. அத்தனை காலமும் கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கவர்னரானாலும் சரி, காளைமாடானாலும் சரி, கரைக்கு வருவது மசூலாப் படகில். நம் பக்கத்தில் சலங்கு என்ற பேரும் உண்டு, புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் அதைத்தான் ஷெலாங் என்று எழுதினார்கள். கூஃபு படகு மாதிரியே இதுவும் தைத்த படகு. பலகையில் துளை போட்டு, தையலுக்கு அடியில் நார் வைத்து, தென்னங்கயிற்றால் இழுத்துத் தைப்பது. உள்ளே விலாச்சட்டம் கிடையாது. ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அந்த அலையில் தரை தட்டினால் பிளக்கும். இது மூங்கில் முறம் மாதிரி நெளிந்து கொடுக்கும். பின்னால் நின்ற ஆள் கையில் நீளத் துடுப்பு. கோட்டும் தொப்பியும் போட்ட துரைமார்கள் கண்ணை மூடிக்கொண்டு, தங்கள் உயிரை அந்தத் துடுப்புக்காரர் கையில் கொடுத்துத்தான் மதராஸில் கால் வைத்தார்கள். கவர்னர் என்ற சொல்லின் மூலப்பொருள் பின்னால் நின்று வியர்த்துக்கொண்டிருந்தது, பேர் மட்டும் முன்னால் உட்கார்ந்திருந்தது.

கட்டுமரத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர்களில் ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் ஒருவர். 1697-ல் வந்த பயண நூலில் சோழமண்டலக் கரையில் இந்தப் பேரால் அழைக்கிறார்கள் என்று எழுதினார். அப்புறம் அந்தச் சொல் அங்கே போய் வேறு வாழ்க்கை வாழ்ந்தது. 1876-ல் நதனியல் ஹெர்ஷாஃப் இரட்டை உடல் கொண்ட ஒரு பாய்ப்படகைக் கட்டி நியூயார்க் பந்தயத்தில் எல்லாரையும் முந்தினார். அந்த மாதிரிப் படகுக்கு கேட்டமரான் என்ற பேர் ஒட்டிக்கொண்டது. இரண்டு உடல், நடுவில் காலி இடம். நம் மரத்துக்கு அது ஒன்றுமே ஆகாது. மரத்தில் கட்டைகள் நெருக்கிக் கட்டியவை, காலி இடம் இருந்தால் காலை உள்ளே விட்டுக்கொள்ள வேண்டியதுதான். கோடிக்கணக்கில் விற்கிற ஒரு சொகுசுப் படகைப் பார்த்து “இது உங்க ஊரு வார்த்தை” என்று எங்கள் அலுவலகத்து ஜெர்மன்காரர் ஒருமுறை சொன்னார். வார்த்தை மட்டும்தான் என்றேன்.

சுனாமிக்கு அப்புறம் கரை மாறிவிட்டது. 2004 டிசம்பர் 26 எத்தனையோ மரங்களைச் சுள்ளியாக்கிப் போட்டது. உதவி செய்ய வந்தவர்கள் ஃபைபர் படகுகளாகக் கொடுத்தார்கள். இப்போது குப்பத்தில் வரிசையாக நிற்பவை அவைதான். பெரியவரின் இளைய மகனும் ஒன்று வைத்திருக்கிறான். அதில் ஒருநாள் போனேன். வெள்ளையும் நீலமுமாக, முன்னால் மாதா படம், பக்கத்திலேயே ஒரு நடிகர் படம்.

அந்தப் படகிலும் சுக்கான் இல்லை. பின்னால் இன்ஜின் ஒரு முளை மேல் உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து ஆளைவிட நீளமான ஒரு இரும்புத் தண்டு பின்பக்கமாகத் தண்ணீருக்குள் போகிறது, நுனியில் விசிறி. லாங் டெயில் என்கிறார்கள். திருப்ப வேண்டுமானால் இன்ஜினோடு சேர்த்து அந்தத் தண்டையே இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளுகிறான். ஆழம் குறைந்தால் கைப்பிடியை அழுத்தித் தண்டைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிடுகிறான். அலை துரத்தும்போது விசிறி தண்ணீரைப் பின்னால் உதைப்பதால் பிடிமானம் போவதில்லை. தள்ளுவதும் அதுதான், திருப்புவதும் அதுதான், மணல் வந்தால் தூக்கிக்கொள்வதும் அதுதான். அப்பா முட்டி போட்டுச் செய்ததை இவன் நின்றுகொண்டு, டீசல் புகையில், ஒரு கையில் செல்போனோடு செய்கிறான்.

கரைக்கு வந்து இறங்கும்போது படகின் அடியில் வலைக்குக் கீழே ஏதோ காலில் தட்டியது. வலையை விலக்கிப் பார்த்தேன். ஒரு துடுப்பு. புதுசில்லை, கைபட்டுக் கைபட்டுப் பிடி வழவழப்பாகியிருந்தது.

“இது எதுக்குப்பா, இன்ஜின்தான் இருக்கே?”

“அப்பாது சார். போட்டே ஆவணும்னு மல்லுக்கு நிக்கிறாரு.” தண்டைத் துடைத்துக்கொண்டே சொன்னான். “போன மாசம் நடுக்கடல்ல இன்ஜின் நின்னுபோச்சு. மூணு மணி நேரம்.”

“அப்ப?”

கையை விரித்து உள்ளங்கையைக் காட்டினான். நாலு கொப்புளம், காய்ந்து தழும்பாகிக்கொண்டிருந்தது.